நகப்பூச்சுக் கோடு

இன்ஜினைத் திறக்கும்போது யாரும் பேசக்கூடாது என்பது அந்த வீட்டில் மெக்கானிக் போட்டிருந்த சட்டம். வீட்டில் மொத்தமே நாலு பேர். அவனைப் பெற்றவர் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மதித்ததில்லை. அவனே மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

“அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரி நாறுது,” என்றார் அம்மா, சமையலறை வாசலில் நின்றபடி.

“அம்மா, கொஞ்சம் சும்மா இரு.”

“நாறுதுன்னுதானே சொன்னேன். நாறலன்னு பொய்யா சொல்ல முடியும்?”

நாற்றம் உண்மைதான். இன்ஜினிலிருந்து வடித்த எண்ணெய் தட்டில் கறுப்பாகக் கிடந்தது. அதன் மேல் வெள்ளிப் பொடி மிதந்தது. முந்தின நாள் பைக் பந்தயத்தின் ஆறாவது சுற்று வரை பேரிங்காக இருந்த பொருள் அது. மெக்கானிக் கடைசி போல்ட்டைக் கழற்றி இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கைத் தூக்கி, பழைய கதவுப் பலகையில் செய்த மேசைமேல் வைத்தான். பிஸ்டன் ராடு பிடிக்கிற இடம், அதாவது பின், நீலம் பாரித்திருந்தது. இந்த வருஷம் இது இரண்டாவது தடவை. முதல் தடவை வண்டி தானாக அணைந்து ஓரமாக உருண்டு நின்றது. இந்தத் தடவை நேர்ப்பாதையின் முடிவில், முழு வேகத்தில் இன்ஜின் இறுகிப்போய்ப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஓட்டியவளைத் தூக்கி மண்ணில் எறிந்தது.

ஓட்டியவள் மெக்கானிக்கின் தங்கை. வலது மணிக்கட்டில் கட்டுடன் காலி டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஆள் சின்னது, உரசினால் பற்றிக்கொள்ளும் என்பதால் அவளுக்குத் தீப்பெட்டி என்று பெயர். வைத்தது அண்ணி. அந்த அண்ணியை அந்தத் தெருவே லேத்துக்காரி என்றுதான் சொல்லும். வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். ஜன்னலோரம் நிற்கும், இரும்பு கடைகிற லேத்து அவளுடையது. அதை வேறு யாரும் தொட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

“கோட்டைத் தாண்டினியா?” என்று கேட்டான் மெக்கானிக்.

“தாண்டல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன இருக்கு? தாண்டலண்ணா. நேத்துலேருந்து எத்தனை தடவ கேப்ப?”

கோடு என்பது இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில் எட்டாயிரத்தில் அவன் போட்ட சிவப்புக் கோடு. அதற்குமேல் இந்த இன்ஜின் தாங்காது என்பது அவன் கணக்கு. தங்கையின் நகப்பூச்சைத்தான் எடுத்துப் போட்டிருந்தான்.

“எண்ணெய் கேஜு என்ன காட்டுச்சு?”

“எப்பவும் காட்டறதத்தான். முள்ளு நடுவுல இருந்துச்சு.”

“பாத்தியா? முள்ளும் சரி, பம்பும் சரி. பம்ப நான் ராத்திரியே கழட்டிப் பாத்துட்டேன். எண்ணெயும் கொறையல. எல்லாம் சரியா இருக்கறப்போ ராடு பேரிங் எப்படி வேகும்? ஓட்டறவங்க முறுக்கினாத்தான் வேகும்.”

“நான் முறுக்கல!”

“கண்ணால பாத்தவன் யாரும் இல்லியே. மீட்டர் உனக்கு மட்டுந்தானே தெரியும்.”

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துத் துடைத்து நேரத்தைக் கடத்தியபின் சொன்னான்.

“கடைசிப் பந்தயத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள இன்ஜின எழுப்பிடலாம். ஆனா நீ ஏற வேணாம். பெயின்ட்கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். அவர் ஓட்டறேன்னுட்டாரு.”

“அவரா? அவரு வளைவுல தூங்கிடுவாரு!”

“தூங்கட்டும். இன்ஜினாவது பொழைக்கும். நீயும் முழுசா இருப்ப.”

அவள் இறங்கி உள்ளே போனாள். கதவு அறைபட்டதில் சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள் குலுங்கின. மெக்கானிக் கெட்டவன் இல்லை. தங்கை மண்ணில் புரண்டு போனதைப் பார்த்தவன் அவன். அன்றிரவு சோறு இறங்காமல் தட்டைத் தள்ளிவைத்தவன். பயத்தைப் பயமாகச் சொல்லத் தெரியாதவர்கள் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்வார்கள்.

இவ்வளவு நேரமும் லேத்துக்காரி ஜன்னலோரம் லேத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கிராங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் பாரித்த பின்னுக்கு இருபுறமும், கிராங்கைத் தாங்கிச் சுற்றவிடும் மெயின் கழுத்துகள் இரண்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தன. ஒரு கீறல் இல்லை. எண்ணெய் கழுத்துவரை வந்திருக்கிறது. ஒரு விரல்கடை தள்ளியிருக்கிற பின்னுக்கு வரவில்லை. வழியில் எங்கே தொலைந்தது?

அந்த வழியைப் போட்டது அவள்தான்.

மழை மாதங்களில், பந்தயம் இல்லாதபோது நடந்த வேலை அது. காற்றால் மட்டுமே ஆறுகிற இன்ஜின். தண்ணீர் சுற்றுகிற ரகம் இல்லை. சூடேறினால் எண்ணெய் நீர்த்துப்போகும், நீர்த்த எண்ணெயை நிறையக் கொடுக்க வேண்டும். கிராங்கில் கழுத்திலிருந்து பின்னுக்குச் சாய்வாக ஒரு துளை இருந்தது. நூல்கனத் துளை. மெக்கானிக் அதைக் கொஞ்சம் பெரிசாக்கச் சொன்னான். அவளுக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றியது. அந்தத் துளையை அடைத்துவிட்டு, கழுத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை ஊடுருவிப் பெரிய துளை போட்டாள். அதன் நடுவிலிருந்து பின்னுக்கு ஒரு கிளை. ஒரு வாய்க்குப் பதிலாக இரண்டு வாய், இரண்டு பங்கு எண்ணெய். பம்பைக் கையால் சுற்றிப் பார்த்தபோது பின்னிலிருந்து எண்ணெய் குபுகுபுவென்று கொட்டியது. அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பந்தயம் ஜெயித்ததும் சொல்லி அசத்தலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

குபுகுபுவென்று கொட்டியது கிராங்க் நிற்கும்போது. எட்டாயிரம் சுற்றில் சுற்றும்போது? அதை அவள் யோசிக்கவே இல்லை. சுற்றுகிற எதுவும் தன்மேல் இருப்பதை வெளியேதான் வீசும். பக்கவாட்டில் நுழைகிற எண்ணெய் அந்த வீச்சை எதிர்த்து நடுமையம்வரை ஏறினால்தான் கிளைக்குள் போக முடியும். ஒரு வாய் இருந்தால் என்ன, இரண்டு இருந்தால் என்ன, இரண்டும் வெளியேதான் துப்பும். பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும், கேஜும் ஒழுங்காகக் காட்டும், பின் மட்டும் காய்ந்து வேகும்.

கிராங்கை ஒரு துணியில் சுற்றி லேத்துக்கு அடியில் வைத்தாள். புதைத்து வைப்பதுபோல்தான் இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தீப்பெட்டிக்குத் தலை வாரிவிட வேண்டியிருந்தது. ஒரு கையால் அவளுக்கு வாரிக்கொள்ள முடியவில்லை. பின்கட்டின் படியில் அவளை உட்காரவைத்து, அண்ணி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். முடியில் பந்தயத் தடத்தின் மண் இன்னும் இருந்தது.

“அண்ணி.”

“ம்.”

“ஒருவேளை நான்தான் தாண்டிட்டேனோ?”

சீப்பு நின்றது.

“என்னடி சொல்ற?”

“ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அண்ணன் அவ்வளவு உறுதியாச் சொல்றான். அவனுக்குத் தெரியாததா? அந்த நேரத்துல முன்னாடி போனவன மட்டுந்தான் பாத்தேன். மீட்டரப் பாத்தேன்னு நெனைக்கறேன், ஆனா பாத்தேனா? இப்ப சந்தேகமா இருக்கு. ரெண்டு இன்ஜின நான்தான் கொன்னுட்டேன் போல. பெயின்ட்கடைக்காரரே ஓட்டட்டும், விடுங்க.”

சண்டை போட்டிருந்தால் லேத்துக்காரி தாங்கியிருப்பாள். அழுதிருந்தாலும் தாங்கியிருப்பாள். இந்தப் பெண் தன் கண்ணையே நம்பாமல் போவதை அவளால் தாங்க முடியவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள்.

“நீ தாண்டல. கொன்னது நான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். பழைய துளையை அடைத்தது, புதுசு போட்டது, சொல்லாமல் மறைத்தது. தீப்பெட்டி திரும்பவில்லை. பாதி வாரிய தலையோடு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டபோது குரல் தணிந்திருந்தது.

“மொத இன்ஜின் போனப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“சத்தியமா தெரியாது. நேத்துதான் புரிஞ்சுது.”

“நேத்து எப்ப?”

“நீ கதவ அறைஞ்சுட்டுப் போனதுக்கப்புறம்.”

“அப்போ நேத்து சாயங்காலம் பூரா தெரியும். நான் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தேன். நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க.”

“ஆமா.”

“நல்லா இருக்கீங்க அண்ணி.” எழுந்து நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. “கை மட்டும் நல்லா இருந்தா இந்தச் சீப்ப ஒடைச்சுப் போட்டிருப்பேன்.”

“நான் ஒடைச்சுத் தரட்டா?”

“சிரிப்புக் காட்டாதீங்க. கோவமா இருக்கேன்.” ஆனாலும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள், பாதித் தலையோடு எங்கே போவது? “மொதல்ல பின்னி முடிங்க. அப்புறம் அண்ணன்கிட்ட சொல்லுங்க.”

“இப்பவே போய்ச் சொல்றேன்.”

“வாயால சொன்னா நம்புவானா? முள்ளு சரி, பம்பு சரின்னு அதையே பாடுவான். நீங்க எனக்காகப் பழிய ஏத்துக்கறீங்கன்னு வேற நெனச்சுக்குவான். காட்டுங்க. அவன் கண்ணால பாக்கணும்.”

காட்டுவதற்கு ஒன்றரை நாள் ஆனது. கிராங்கை லேத்தில் பூட்டினாள். சுற்றும்போது துள்ளாமல் இருக்க, லேசான பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டை இறுக்கிக் கட்டினாள். மெயின் கழுத்தைச் சுற்றி உட்காரும்படி உள்ளே பள்ளம் வைத்த பித்தளை வளையம் ஒன்றைக் கடைந்தாள். வளையத்துக்கு ஒரு ரப்பர் குழாய். குழாயின் மறுமுனை எண்ணெய் டப்பாவில். டப்பா சுவரில் மூன்று சாண் உயரத்தில் ஓர் ஆணியில். பம்பின் பலம் அதற்கு வராது, ஆனால் லேத்துக்கும் இன்ஜினின் வேகம் வராது. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாய்ப் போயின. பின்னுக்கு எதிரே வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினாள். எண்ணெய் வந்தால் அட்டையில் தெரியும்.

மூன்று பேரையும் கூப்பிட்டாள். மாமியார் கழுத்தில் ஸ்டாப்வாட்சோடு வந்தார். பந்தயத்தில் சுற்று நேரம் குறிப்பது அவர் வேலை. வீட்டில் முட்டை வேகவைக்கவும் அதே வாட்சுதான்.

“இந்த கிராங்குல நீங்க சொன்ன ஓட்டைய நான் போடலங்க,” என்றாள் லேத்துக்காரி கணவனிடம். “வேற போட்டேன். பாருங்க.”

மெக்கானிக் குனிந்து பார்த்தான். விரலால் ஒரு வாயைத் தடவினான். கையைச் சுற்றிக்கொண்டுபோய் மறுபக்கத்து வாயைத் தடவினான். முகம் மாறியது.

“எப்போ போட்ட?”

“மழ நாள்ல. மொதல்ல இதப் பாருங்க. அப்புறம் திட்டுங்க.”

மெதுவாகச் சுற்றவிட்டுக் குழாயைத் திறந்தாள். அட்டையில் எண்ணெய் ஒரு கோடாக அடித்தது. “நிக்கறப்பவும் மெதுவாப் போறப்பவும் இப்படித்தான். இதப் பாத்துத்தான் நான் ஏமாந்தேன்,” என்றாள். குழாயை மூடி, துளைகளை ஊதித் துடைத்து, புது அட்டை வைத்தாள். லேத்தை அதன் கடைசி வேகத்துக்கு மாற்றினாள். தரை அதிர்ந்தது. குழாயைத் திறந்தாள்.

வளையத்தின் ஓரங்களில் எண்ணெய் கசிந்து சிதறியது. அட்டை வெள்ளையாகவே இருந்தது.

“எவ்வளவு நேரம் பாக்கணும்?” என்றார் மாமியார்.

“நீங்களே சொல்லுங்க அத்தை.”

வாட்சை அழுத்தினார். யாரும் அசையவில்லை. “ஒரு நிமிஷம் ஆச்சு,” என்றார். “ஒரு சொட்டு வரல. முட்டை பாதி வெந்திருக்கும்.”

லேத்தை நிறுத்தினாள். அது சுற்றி ஓயும்வரை மெக்கானிக் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்க்க முடியாமல் மனைவியைப் பார்த்தான்.

“இத்தனை மாசமா பக்கத்துலயேதானே படுத்திருக்க. ஒரு வார்த்தை சொல்லலியே.”

“ஜெயிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

“நான் பம்ப நாலு தடவ கழட்டினேன். என் மண்டையே வெடிச்சுடும் போல இருந்துச்சு. கடைசில இவ தலையில போட்டேன்.” வெளியே போய்த் தெருவில் நின்றான். திரும்பி வந்தபோது பெயின்ட்கடைக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அதை அவன் சொல்லவில்லை. சாயங்காலம் பெயின்ட்கடைக்காரரே வந்து, தப்பித்தேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பழைய சாய்வுத் துளைக்கே திரும்பலாம் என்றான் மெக்கானிக், சாப்பிடும்போது. லேத்துக்காரி தலையை ஆட்டினாள்.

“அது போன வருஷத்துக்குப் போதும். இந்த வருஷம் இன்ஜினோட பலத்தக் கூட்டியிருக்கோம். பத்தாது.”

“அப்போ என்னதான் வழி?”

“எண்ணெய் மையத்துக்கு ஏறத்தானே கஷ்டப்படுது? மையத்துலயே கொண்டுபோய் விட்டுடுவோம். கிராங்கோட முனையிலேருந்து, நட்டநடுவுல, நீளவாக்குல ஒரு துளை. அது போய் நான் போட்ட ஊடு துளையோட நடுவுல சேரட்டும். ரெண்டு பக்க வாயையும் அடைச்சுடறேன். அப்புறம் சுத்தச் சுத்த அந்த வீச்சே எண்ணெயப் பின்னுக்குத் தள்ளும். இப்ப நமக்கு எதிரா இருக்கறது நம்ம பக்கம் வந்துடும்.”

“முனையில எப்படிக் குடுப்ப? அது சுத்துமே.”

“பக்க மூடியில ஒரு பித்தளை மூக்கு வெக்கறேன். மூக்கு நிக்கும், கிராங்கு சுத்தும். எண்ணெய் கசியாம நடுவுல ஒரு சீல். மெயின் கழுத்துக்குப் பழைய வழியே இருக்கட்டும்.”

மெக்கானிக் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் யோசித்தான். “டிரில் பிட் கோணிச்சுன்னா?”

“கிராங்கு போச்சு.”

“வேற கிராங்கு இல்ல.”

“தெரியும்.”

“இந்தத் தடவ பக்கத்துல நான் நிக்கறேன்,” என்றான். அவன் லேத்துக்குப் பக்கத்தில் நிற்க அவள் சம்மதித்தது கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. தகரக் கூரையின்கீழ் நிற்பது அடுப்புக்குள் நிற்பதாக இருந்தது. சூடேறின இரும்பு நீளும், அளவு ஏமாற்றும் என்பதால் லேத்துக்காரி விடியலில் எழுந்து, கூரை சுடுவதற்குமுன் வேலையை முடித்துக்கொள்வாள். நீளமான மெல்லிய பிட். ஒரு நகக்கண் அளவு உள்ளே போனதும் வெளியே இழுத்து, சீவலைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி. அவசரப்பட்டால் பிட் வளையும். மெக்கானிக் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடக்கூட யோசித்தான். இரண்டு காலை இப்படியே போனது. மூன்றாம் நாள் காலை பிட்டின் சத்தம் கரகரப்பிலிருந்து சட்டென்று லேசானது. துளை துளையோடு சேர்ந்துவிட்டது. அவள் கம்பியை விட்டுப் பார்த்தாள். நேராகப் போனது.

“சேந்துருச்சு,” என்றாள். அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டு வாய்க்கும் மரை வெட்டி எஃகுத் திருகால் அடைத்தாள். திருகு கழன்று வராமல் விளிம்பை அடித்து மடக்கி, கழுத்தோடு மட்டமாகச் சாணை பிடித்தாள். நீலம் பாரித்த பின்னையும் சாணையில் ஒரு அளவு இறக்கி, அதற்கேற்ற பேரிங் போட்டார்கள். ஆணியில் மறுபடி டப்பா தொங்கியது. இந்தத் தடவை கிராங்கின் முனையில் குழாய். கடைசி வேகத்தில் லேத்தை ஓட்டிக் குழாயைத் திறந்ததும், எண்ணெய் அட்டையில் விளாசி, அட்டையைத் தாண்டி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் சட்டையில் குறுக்கே அடித்தது. அவன் துடைத்துக்கொள்ளவே இல்லை. அந்தச் சட்டையோடேயே டீ குடித்தான்.

விழுந்ததில் மீட்டரின் கண்ணாடி உடைந்திருந்தது. புதுக் கண்ணாடி மாற்றி, ஒரு மத்தியானம் அதைத் தங்கையின் முன்னால் கொண்டுவந்து வைத்தான். பக்கத்தில் நகப்பூச்சுப் பாட்டிலையும் வைத்தான்.

“என்ன?” என்றாள் தீப்பெட்டி.

“கோடு போடணும்.”

“போடு.”

“நீயே போடு.”

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான் என்று மூன்று பெண்களுக்குமே தெரியும். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் போட்டாள். எட்டாயிரத்தில் சரியாகத்தான் வைத்தாள், ஆனால் கோடு கோணிக்கொண்டது.

“கோணலா இருக்கு,” என்றார் மாமியார்.

“இருக்கட்டும்,” என்றான் மெக்கானிக்.

ஐந்தாவது வாரம் கட்டு பிரிந்தது. ஆறாவது வாரத் தொடக்கத்தில், பந்தயத்துக்கு நாலு நாள் முன்பு, தடத்தில் ஓட்டிப் பார்க்க ஒரு காலை நேரம் கிடைத்தது. இருபது சுற்று. நேர்ப்பாதையில் முழு முறுக்கு. லேத்துக்காரி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தடவையும் அந்த நேர்ப்பாதையின் முடிவில், போனதடவை பூட்டிக்கொண்ட இடத்தில், அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காதால் கேட்டாள். சத்தம் வளைவில் இறங்கி மறுபடி எழும்பும். மாமியார் நோட்டில் எண்களை எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை வாட்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். இருபதும் முடிந்து தீப்பெட்டி வந்து நின்றபோது இன்ஜினின் காற்று வாங்கும் செதில்களில் அனல் ஆடியது. எண்ணெய் வடியவில்லை, புகையவில்லை.

“எப்படி இருந்துச்சு?” என்றான் மெக்கானிக்.

“வீட்டுக்குப் போய்த் தொறந்து பாரு,” என்றாள் அவள். வழியெல்லாம் அதற்குமேல் பேசவில்லை.

மத்தியானம் கதவுப்பலகை மேசையைச் சுற்றி நாலு பேரும் நின்றார்கள். இந்தத் தடவை ஸ்பேனரைத் தங்கையிடம் கொடுத்தான். அவளே போல்ட்டுகளைக் கழற்றினாள், அவளே ராடின் மூடியை எடுத்தாள், அவளே பேரிங்கைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பல் நிறம், ஒரே சீராக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதை அண்ணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

லேத்துக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூடிய கைக்குள் அந்தச் சின்ன வளைவுத் தகடு இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.

“இனிமே என்னைக் கேக்காம ஓட்டை கீட்டை போடாதீங்க அண்ணி.”

“போட மாட்டேன்.”

“கேட்டா வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா கேக்கணும்.”

“கேக்கறேன்டி.”

“ஒரு சந்தேகம்,” என்றார் மாமியார், நோட்டைத் திருப்பியபடி. “பதினேழாவது சுத்துல மட்டும் ரெண்டு செகண்டு கொறைஞ்சிருக்கு. வாட்சு கெட்டுப்போச்சோன்னு பாத்தேன்.”

“வாட்சு நல்லாத்தான் இருக்கும்மா.” தீப்பெட்டி ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினாள். “அந்தச் சுத்துலதான் கோட்டைத் தாண்டினேன்.”

“எவ்வளவு?” என்றான் மெக்கானிக். குரல் கிறீச்சிட்டது.

“எண்ணூறு. நேர்ப்பாதை முழுசும், விடாம.” அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். “ரெண்டு தடவ தாண்டாமலே திட்டு வாங்கினேன்ல? அந்தத் திட்டுக்கான தப்ப இன்னிக்குத்தான் பண்ணினேன்.”

மெக்கானிக் வாயைத் திறந்தான். மனைவி தன் கையை விரித்து, கீறலில்லாத அந்தப் பேரிங்கை அவனுக்கு நேராக நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். திறந்த இன்ஜின் முன்னால் பேசக்கூடாது என்று தான் போட்ட சட்டத்தை அன்றுதான் முதல் தடவையாக மதித்தான்.